இலுப்பைக்கடவைக்கு இரண்டு பயணங்கள்

மன்னாரிலிருந்து பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸில் ஏறினால், தள்ளாடிச் சந்தி கழிந்து, பாப்பாமோட்டை கடந்து, வீதி வடக்கு நோக்கிப் போகும். இடது பக்கம் கடலை அண்டிய உவர் நிலமும் கண்டல் பற்றைகளும். வலது பக்கம் வயல்களும் அதற்கு அப்பால் காடும். நடத்துநர் கூப்பிடும் ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டால் சிலவற்றில் மரங்கள் நிற்பது தெரியும். விடத்தல்தீவில் விடத்தல் மரம். அதற்கு அடுத்துவரும் இலுப்பைக்கடவையில் இலுப்பை மரம்.

வேலை நிமித்தம் இந்த வீதியால் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். ஒரு நாளாவது அந்த மரங்களைப் பற்றி நினைத்ததில்லை. கடந்த ஆடி மாதம் ஒரு சின்னப் போத்தல் எண்ணெய்தான் என்னை நினைக்க வைத்தது.

ஒரு குறிப்பினால் வந்த வெட்கம்

அந்தப் பகுதியிலுள்ள மாதர் சங்கப் பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி ஒன்று நடத்தினோம். சவர்க்காரம், தலைமுடி எண்ணெய், தோலுக்குப் பூசும் எண்ணெய் என்பன அதில் அடக்கம். குறிப்புகள் தயாரிப்பது என் பொறுப்பு. நகரத்தில் இப்போது நல்ல பெயர் எடுத்திருக்கும் 'றோஸ்ஹிப்' எண்ணெயை வீட்டில் செய்யும் முறையை ஒரு வெளிநாட்டுக் குறிப்பிலிருந்து எடுத்து, அழகாகத் தட்டச்சுச் செய்து, பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

றோஸ்ஹிப் என்பது காட்டு றோசாவின் இதழ்கள் உதிர்ந்த பின்னர் காம்பில் மிஞ்சும் சிறிய சிவப்புக் காய். குளிர் தேசங்களில் வேலிகளிலும் மலைச்சரிவுகளிலும் காய்ப்பது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் அதைப் பொறுக்கி உலர்த்தி, விதையிலிருந்து எண்ணெய் எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். நூறு கிராம் விதையில் சுமார் பத்துக் கிராம் அளவுதான் எண்ணெய் உண்டு. அதனால் வீட்டில் கையால் பிழிந்து எடுப்பது நடக்கிற காரியமல்ல. வீட்டு முறை என்று சொல்லப்படுவதெல்லாம் உலர்ந்த காயை வேறொரு எண்ணெயில் ஊறவைத்து வடிப்பதுதான். இவ்வளவையும் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்தக் காய் மன்னாரில் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை.

பயிற்சியில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பின்தொடர் கூட்டத்தில் ஒரு பெண் தன் பையிலிருந்து சிறு போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். றோசாப்பூப் படம் போட்ட போத்தல். இரண்டு நாள் புல்லுப் பிடுங்கிய கூலியைக் கொடுத்து ரவுணில் வாங்கியதாம். மூன்று கிழமை பூசியும் கை வெடிப்பு மாறவில்லை என்றார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. என்ன சேர்த்தது, யார் செய்தது என்ற விபரம் எதுவும் அதில் இல்லை.

"உங்கட நோட்டிலை இருந்த எண்ணெய்தான், மிஸ்" என்றார் அவர். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அவருக்கு என்னிலும் இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கைகளைப் பார்த்தால் இருபது வயது கூட என்று சொல்லலாம். விடியற்காலையில் கரைக்குப் போய் வலையிலிருந்து நண்டு கழற்றுகிறார். பிறகு வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை. ஆடியில் சோளகக் காற்று எழும்பினால் உதடும் உள்ளங்கையும் குதிக்காலும் வெடிக்கும். வெடித்த கையில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு முதிய குரல் கேட்டது. அந்தப் பெண்ணின் மாமியார்.

"அந்த றோசா இஞ்சை காய்க்குமோ, பிள்ளை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எங்கட ஊர்ப் பேரிலையே எண்ணெய் இருக்கு. நீங்கள் ஏன் கப்பலிலை வாறதைத் தேடுறியள்? ஆடி பிறக்கட்டும், வாங்கோ. காட்டித் தாறன்."

வௌவால் போட்ட விதை

முதற் பயணம் ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. இலுப்பைக்கடவையில் இறங்கினால் வீதியோரத்தில் முதலில் கண்ணில் படுவது வேம்பும் பனையும்தான். கிழக்குப் பக்கமாகப் பிரிந்து போகும் கிரவல் வீதியில் ஓட்டோ பிடித்து ஆச்சியின் வளவுக்குப் போனேன். அங்கிருந்து நடை.

பறங்கியாறும் பாலியாறும் இந்தக் கரையில்தான் கடலைச் சேர்கின்றன. மாரியில் பெருகி ஓடும் ஆறுகள் கோடையில் மணலாகிக் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் இலுப்பை மரங்கள் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் நிற்கின்றன. நாங்கள் போன இடத்தில் ஏழு மரங்கள் நின்றன. கொப்புகளின் நுனியில் கொத்தாக இலைகள். இலையைக் கிள்ளினால் பால் வடியும். மாசி, பங்குனியில் பழைய இலை உதிர்ந்து பூ வரும் என்றார் ஆச்சி. இரவில் பூத்து விடியலில் உதிரும் அந்தப் பூ சதைப்பற்றானது, இனிப்பானது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியைப் பாடசாலையில் மனனம் செய்த நான், அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பூவுக்குப் பிறகு காய். ஆனி, ஆடியில் பழுக்கும். வௌவால்கள் இரவில் வந்து சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிட்டுப் போகும். விடிய முன்னர் போனால் பளபளவென்று கபில நிறத்தில் விதைகள் மரத்தடியில் கிடக்கும்.

"கூலி இல்லாமல் எங்களுக்கு வேலை செய்யிறது இந்த வௌவால்தான்" என்றார் ஆச்சி. "பழமாய்ப் பொறுக்கினால் சதை நீக்கிற வேலையும் எங்களுக்குத்தான்."

ஆச்சியும் மருமகளும் நானும், பதினேழு வயதுப் பேத்தியும் குனிந்து பொறுக்கினோம். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு கடகம் நிறைந்தது. என் இடுப்பு ஒடிந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது ஆச்சி கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வழியில் ஓரிடத்தில் நின்று, "இதிலைதான் சிவப்புக் கட்டை நாட்டி இருந்தது" என்று கையைக் காட்டினார்.

2008 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை இந்தக் கரையால் வந்தபோது ஊர் முழுவதும் கிழக்கே இடம்பெயர்ந்தது. கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று தள்ளுண்டு போய், 2009 இல் செட்டிகுளம் முகாமில் முடிந்தது. 2010 இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை. கூரை இல்லாத சுவர் ஒன்று நின்றது. ஆற்றங்கரை இலுப்பைகள் நின்றன. ஆனால் போக முடியாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையும் சிவப்புக் கட்டைகளும் நாட்டப்பட்டிருந்தன. நான்கு ஆடி மாதங்கள் ஆச்சி எல்லைக் கட்டையின் இப்பக்கம் நின்று, அப்பக்கம் விதை விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். மிதிவெடி அகற்றி நிலத்தைக் கையளித்த வருடம் முதல் ஆளாகக் கடகத்துடன் போனவரும் அவர்தான்.

"முந்தி இதிலை இருபதுக்கு மேலை நிண்டது. சிலது ஷெல் பட்டுக் காய்ஞ்சது. சிலதைப் பலகைக்கு அறுத்துக்கொண்டு போட்டினம். மிச்சம்தான் இது."

அன்று பின்னேரம் விதைகளைக் கல்லில் வைத்துத் தட்டினோம். வெளித்தோடு வெடித்து இரண்டாகப் பிளந்த பருப்பு வெளியே வரும். அதைப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட வேண்டும். ஐந்தாறு நாள் நல்ல வெயில் போதும். பருப்பைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று கேட்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எண்ணெயும் கெட்டுப்போகும். அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு மன்னாருக்கு பஸ் ஏறினேன்.

உரலும் நீத்துப்பெட்டியும்

இரண்டாவது பயணத்தில் நான் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். காய்ந்த பருப்பு இரண்டு கிலோ இருந்தது. செக்கில் கொடுத்தால் வேலை இலகுதானே என்று கேட்டேன். மில்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்றார் மருமகள். நல்லெண்ணெய் ஆட்டும் பொறியில் இலுப்பையைப் போட்டால் அதன் மணமும் கசப்பும் ஏறிவிடும், பிறகு எள்ளுக் கொண்டு வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே வீட்டு முறைதான்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகியருக்காக அந்த முறையை ஒழுங்காகத் தருகிறேன்.

முதலில் பருப்பை உரலில் இட்டு இடிக்க வேண்டும். மாவாக அல்ல, குறுணலிலும் சற்று நொய்யதாக. இடிக்க இடிக்கவே உலக்கையில் பிசுபிசுப்புத் தெரியும். இடித்ததை நீத்துப்பெட்டியில் இட்டு, புட்டு அவிப்பதுபோல் ஆவியில் அவிக்க வேண்டும். அரை மணித்தியாலம் போதும். இதற்கென ஒரு பழைய நீத்துப்பெட்டியைத் தனியாக வைத்திருக்கிறார் ஆச்சி. புட்டு அவிக்கும் பெட்டியைப் பாவித்தால் பிறகு அந்த வீட்டில் புட்டுத் தின்ன முடியாது. அவ்வளவு கசப்பு.

அவிந்த மாவைச் சூடு ஆறவிடாமல், நெருக்கமாக இழைத்த ஓலை உமலில் இட்டு வாயைக் கட்ட வேண்டும். வளவில் இரண்டு தடித்த பனம்பலகைகள் இருந்தன. ஒரு முனையைக் கயிற்றால் பிணைத்துவிட்டு, நடுவில் உமலை வைத்து, மறுமுனையில் மருமகளும் பேத்தியும் ஏறி அமர்ந்தார்கள். அவர்களின் பாரம் போதாதென்று என்னையும் கூப்பிட்டார்கள். சமூக சேவை உத்தியோகத்தரின் பாரம் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான் என்று ஒரு பகிடி. கீழே வைத்த சட்டியில் மஞ்சள் நிற எண்ணெய் முதலில் துளித்துளியாகவும் பிறகு நூலாகவும் இறங்கியது. ஒருமுறை பிழிந்த மாவைத் திரும்பவும் இடித்து, திரும்பவும் அவித்து, இரண்டாந்தரம் பிழிந்தோம்.

இறங்கியதில் எண்ணெயும் ஆவித் தண்ணீரும் கலந்திருக்கும். சற்று நேரம் அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே வரும். அதை மெதுவாகத் தாச்சியில் ஊற்றி மிகக் குறைந்த நெருப்பில் சூடாக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றவுடன் இறக்கிவிட வேண்டும். புகை வரும்வரை விடக்கூடாது. ஆறிய பின்னர் சுத்தமான பருத்தித் துணியில் வடித்து, நன்றாகக் காய்ந்த போத்தலில் ஊற்ற வேண்டும். நிறமுள்ள கண்ணாடிப் போத்தலாக இருந்தால் நல்லது.

இரண்டு கிலோ பருப்பில் எமக்குக் கிடைத்தது அரைப் போத்தலுக்குச் சற்றுக் கூட. பருப்பில் உள்ள எண்ணெய் இதைப்போல் இரு மடங்கு இருக்கும். மிச்சம் பிண்ணாக்கோடு போய்விடுகிறது. ஆடி வெயிலில் அது எண்ணெயாகவே இருக்கும். மார்கழிக் குளிரில் நெய்போல் உறைந்துவிடும். இலுப்பை நெய் என்று பழையவர்கள் சொன்னது அதனால்தான்.

பிண்ணாக்கையும் வீசுவதில்லை. தண்ணீரில் கரைத்தால் நுரைக்கும். அதுதான் ஆச்சியின் தலைமுழுக்குச் சாமான். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து சவர்க்காரத்தின் விலை கைக்கெட்டாமல் போனபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரட்டையோடு வந்து பிண்ணாக்கு வாங்கிப்போனார்களாம். ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைக்கக்கூடாது. குளத்திலோ வாய்க்காலிலோ கரைக்கவும் கூடாது, மீன் செத்து மிதக்கும்.

விளக்குக்குப் பிறகுதான் கை

எண்ணெய் ஆறியதும் பேத்தி ஒரு சொட்டுத் தொட்டு முகத்தருகே கொண்டு போனாள். "அம்மம்மா, இதைப் பூசினால் வெள்ளையாய் வரலாமோ?" என்று கேட்டாள். தாய்வழி, தந்தைவழி என்று பாராமல் அவள் ஆச்சியை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"வெள்ளையாய் வரவேணுமெண்டால் சுவருக்குச் சுண்ணாம்பு அடி" என்றார் ஆச்சி. "இது தோல் வெடியாமல் இருக்கிறதுக்கு."

நான் அந்த இடத்தில் சற்று நேரம் கதைத்தேன். நிறத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது, அது தோலின் ஊடாக உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, சேர்மானம் அச்சிடப்படாத எதையும் முகத்தில் பூசவேண்டாம் என்றேன். பேத்தி தலையாட்டினாள். ஆச்சியின் ஒற்றை வரி அவளுக்கு என் விளக்கத்திலும் கூட ஏறியிருக்கும்.

ஆச்சி முதல் எண்ணெயை யாருடைய கையிலும் பூசவில்லை. சாமித்தட்டில் இருந்த சிறு விளக்கில் ஊற்றித் திரி போட்டார். இலுப்பை எண்ணெய் முதலில் விளக்குக்குத்தானாம். முந்திய காலத்தில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போகும்போது வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டு போவார்களாம். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு நடந்து போகும் கத்தோலிக்க அயலவர்கள், நடந்து வெடித்த காலுக்குப் பூசவென்று கேட்டு வாங்கிப் போவார்களாம்.

விளக்குக்குப் பக்கத்தில் ஓர் இளைஞனின் படம் இருந்தது. மாலை போடவில்லை. பொட்டும் வைக்கவில்லை.

2008 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஆச்சி எடுத்த சாமான்களுக்குள் ஒரு போத்தல் இலுப்பை எண்ணெயும் இருந்தது. பேத்தி அப்போது மடியில் கைக்குழந்தை. ஒவ்வோர் இடமாகத் தறப்பாளைக் கழற்றிக் கட்டும்போதும் அந்தப் போத்தலைச் சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். 2009 சித்திரையில் மகன் சாப்பாட்டுச் சாமான் தேடிப் போனார். திரும்பி வரவில்லை. செட்டிகுளம் முகாமில் கணக்கெடுத்தபோது போத்தலின் அடியில் நாலு விரற்கடை எண்ணெய் மிஞ்சியிருந்தது.

"அதைப் பிள்ளைக்குப் பூசியிருக்கலாம். அவளுக்கு அப்ப உடம்பெல்லாம் கொப்புளம். ஆனால் நான் அதைக் கொட்டிலுக்கு வெளியிலை வைச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய் எரிச்சன். வெளிச்சத்தைப் பார்த்து வருவான் எண்டு ஒரு நினைப்பு. முடிஞ்ச அண்டைக்குத்தான் அழுதனான்."

மருமகள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் படிவங்களில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்று ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவள். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே மனிதனுக்காக இரண்டு விதமாகக் காத்திருக்கிறார்கள். ஒருவர் விளக்கேற்றுகிறார். மற்றவர் விடியற்காலையில் நண்டு கழற்றப் போகிறார். விளக்குக்கு எண்ணெயும் வீட்டுக்கு அரிசியும் வேண்டும்தானே.

விளக்கு எரியத் தொடங்கிய பிறகு ஆச்சி மருமகளைக் கூப்பிட்டார். "இஞ்சை வா, கையைக் காட்டு" என்று சொல்லி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தானே தேய்த்துவிட்டார்.

பூசும் முன்னர்

இலுப்பை எண்ணெய் மருந்தல்ல. வறண்ட தோலில் ஈரம் பறந்து போகாமல் மறைப்பாக நிற்கும். தோலை மெதுமையாக்கும். வெடித்த கைக்கும் குதிக்காலுக்கும் உலர்ந்த முழங்கைக்கும் அதுவே பெரிய உதவிதான்.

இரவில் படுக்கப் போகுமுன் கையையும் காலையும் கழுவி, துடைத்து, ஈரப்பதம் முழுதும் போகுமுன் மெல்லியதாகப் பூசுவது நல்லது. முதல் தடவை பாவிப்பவர்கள் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சொட்டுப் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவந்தாலோ கடித்தாலோ விட்டுவிடுங்கள். இரத்தம் கசியும் வெடிப்பிலும் சீழ் பிடித்த புண்ணிலும் பூசவேண்டாம். நீரிழிவு நோய் உள்ளவர்கள் காலில் வெடிப்புக் கண்டால் எந்த எண்ணெயையும் நம்பியிராமல் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுவதே முறை. போத்தலில் செய்த திகதியை எழுதி ஒட்டிவையுங்கள். புளித்த மணம் வந்தால் விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம், உடம்புக்கு வேண்டாம்.

கணக்குப் பார்த்தோம்

இந்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து, படம் ஒட்டி, கொழும்பில் விற்கலாமே என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. பயிற்சி நடத்தியவளுக்கு வேறு என்ன எண்ணம் வரும்? அந்தப் பின்னேரம் முற்றத்தில் இருந்து நாங்கள் கணக்குப் பார்த்தோம். பொறுக்கியது, தட்டியது, காயவைத்து அள்ளியது, இடித்தது, அவித்தது, பிழிந்தது எல்லாம் சேர்த்து, நாலு பேரின் உழைப்பு இருபது மணித்தியாலத்துக்குக் குறையவில்லை. அது இரண்டரை நாட் கூலி. கிடைத்தது அரைப் போத்தல். இந்தக் கூலியையும் சேர்த்து விலை போட்டால் வாங்க ஆள் வருமா? கூலியைச் சேர்க்காமல் விலை போட்டால், அந்த உழைப்பு யாருடைய கணக்கில் போகும்?

வீட்டில் செய்யும் பொருள் மலிவு என்று நாம் சொல்வதெல்லாம் பெண்களின் நேரத்துக்கு விலை போடாததால் வரும் மலிவுதான். என் பயிற்சிக் குறிப்பில் இந்தக் கணக்கு இருக்கவில்லை.

"நாங்கள் விக்கிறதெண்டால் பிறகு பாப்பம், மிஸ்" என்றார் மருமகள். "முதலிலை எங்கட கைக்குப் பூசுவம்."

அதையே மாதர் சங்கக் கூட்டத்திலும் தீர்மானித்தார்கள். விரும்புகிறவர்கள் சேர்ந்து விதை பொறுக்குவது. உரலும் பலகையும் ஆச்சி வீட்டில். எண்ணெயைப் பொறுக்கியவர்களுக்குள் பங்கிடுவது. கையால் திருகி அழுத்தும் சிறு பொறியொன்று கிடைத்தால் இன்னும் கூட எண்ணெய் எடுக்கலாம், நேரமும் மிச்சமாகும். அதற்கு விண்ணப்பம் எழுதும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். இந்த முறை அவர்களிடம் கேட்டு எழுதுகிறேன்.

இன்னொரு தீர்மானம் ஆச்சியுடையது. ஏழு மரங்களை நம்பி எத்தனை வீடு? ஆகவே பொறுக்கும் ஒவ்வொரு கடகத்திலும் ஒரு கை விதையை எண்ணெய்க்கு எடுக்காமல் விடவேண்டும். இலுப்பை விதை அதிக நாள் முளைப்புத்திறனோடு இருக்காது. காயவிட்டால் செத்துப்போகும். பொறுக்கிய சில நாட்களுக்குள் ஈர மண்ணில் ஊன்றிவிட வேண்டும். முளைத்தாலும் காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

"நான் அந்த எண்ணெயைக் காணமாட்டன்" என்றார் ஆச்சி. "இவள் காணுவாள்" என்று பேத்தியைக் காட்டினார்.

எனக்கும் பத்து விதை தந்தார். மன்னாருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவற்றை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்தின் பின்புறத்தில், மண் நிரப்பிய பைகளில் ஊன்றினேன். மூன்று கிழமை கழித்துப் பார்த்தபோது ஆறு முளைத்திருந்தன. மாரி மழை தொடங்கியதும் அவற்றை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நடுவதாக ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறேன். அது என் மூன்றாவது பயணம்.